குளிர் மலையில் ஒரு குளிர்ப்பெட்டி

கேரவன் என்றால் நம் ஊரில் சினிமாக்காரர்கள் மேக்கப் போடும் வண்டி என்றுதான் அர்த்தம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கோயம்புத்தூரில் இருக்கும் என் அக்கா மகன் போன சித்திரையில் ஒரு வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, "மாமா, இதுதான் என் கேரவன்" என்றபோது தெருவே கூடிவிட்டது. எந்த நடிகர் வந்திருக்கிறார் என்று எட்டிப் பார்த்தவர்களும் உண்டு.

பழைய வேன்தான். உள்ளே ஒரு கட்டில், ஒற்றை அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி. கூரையில் ஒரு சோலார் தகடு. கட்டிலுக்கு அடியில் இரண்டாவதாக ஒரு பேட்டரி. எல்லாவற்றையும்விட அவன் பெருமையாகக் காட்டியது ஒரு பெட்டியை. பார்ப்பதற்குத் தகர டிரங்குப் பெட்டி மாதிரி இருந்தது. மூடியைத் திறந்தால் ஒரு பக்கம் பிரிட்ஜ், மறுபக்கம் ப்ரீசர். பேட்டரியிலேயே ஓடுமாம்.

பக்கத்தில் கேரளாவில் 2021இல் இருந்தே கேரவன் சுற்றுலா என்று அரசே ஆரம்பித்து, வாகமண்ணில் அதற்கென்று ஒரு நிறுத்துமிடம்கூட வந்துவிட்டது என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். என் வீட்டுக்காரம்மா அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "தம்பி, இதுக்குள்ள என் ஊசி மருந்த வெச்சா கெடாதா?"

அவள் ஏன் கேட்டாள் என்று எனக்குத் தெரியும்.

எங்களுக்குக் கல்யாணமாகி 38 வருடம் ஆகிறது. சின்னமனூரில் எங்கள் மொட்டை மாடியில் வடாம் காயப்போடும்போதும் துணி எடுக்கும்போதும் அவள் தினமும் பார்ப்பது மேகமலையைத்தான். காலையில் நீலம், சாயங்காலம் மழை மேகம். ஆனால் ஒரு நாள்கூட அவள் மேலே போனதில்லை. நானோ சுகாதார ஆய்வாளராக 1983இல் வேலையில் சேர்ந்து 2018இல் ஓய்வு பெறும்வரை எத்தனை முறை ஏறி இறங்கினேன் என்று கணக்கே இல்லை. "கூட்டிட்டுப் போறேன், கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லியே காலம் ஓடிவிட்டது. பிள்ளைகள் வளர்ந்து, எனக்கு நேரம் கிடைத்தபோது அவளுக்குச் சர்க்கரை முற்றி இன்சுலின் வந்துவிட்டது. காலையில் 20 யூனிட், ராத்திரி 12. அதற்குப் பிறகு வெளியூர் என்றாலே, "பிரிட்ஜ் இருக்கா?" என்று கேட்பாள். நிச்சயமாகத் தெரியாவிட்டால் வரமாட்டாள். இதனாலேயே இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து போகாமல் விட்டுப்போனது.

அதனால் அந்தப் பெட்டியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியதில் ஆச்சரியமில்லை. "அத்தை, ஐஸ்கிரீமே உருகாது, உங்க ஊசி என்ன" என்றான் அவன். ஆனி மாதம் வருகிறேன், மேகமலைக்கே போவோம் என்று நாளும் குறித்துவிட்டான்.

இந்த இடத்தில் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் பின்னால் செய்த முட்டாள்தனத்தின் கனம் உங்களுக்குத் தெரியாது.

இந்தியாவில் 1985இல் எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி என்ற பெரிய திட்டம் தொடங்கியது. அப்போது தேனி மாவட்டம் கிடையாது. நாங்கள் மதுரை மாவட்டம்தான். தேனி பிரிந்தது 1996இல். தடுப்பு மருந்துகளை 2 டிகிரியில் இருந்து 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். தயாராகிற இடத்தில் தொடங்கி குழந்தையின் வாய்க்கோ தொடைக்கோ போகிறவரை இந்தக் குளிர் அறுபடக் கூடாது. குளிர்ச் சங்கிலி என்று இதற்குப் பெயர். அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி, பஸ்ஸில் மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்ற ஆள்.

நான் முதலில் வேலை பார்த்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு மண்ணெண்ணெய் பிரிட்ஜ் இருந்தது. இளையவர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். அடியில் விளக்கு எரியும், மேலே பெட்டி குளிரும். ஸ்டாக்ஹோமில் பிளாட்டன், முன்டர்ஸ் என்று இரண்டு மாணவர்கள் 1922இல் கண்டுபிடித்த முறை அது. மோட்டாரே கிடையாது. தீயின் சூட்டில் அம்மோனியா ஆவியாகிப் பிரிந்து, குளிர்ந்து நீராகி, மறுபடி ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். திரி கருகாமல், சுடர் நீலமாக இருக்க வேண்டும். பெட்டி சாயாமல் மட்டமாக நிற்க வேண்டும். திரி கத்தரிப்பதற்கென்றே நான் ஒரு கத்தரிக்கோல் வைத்திருந்தேன். வெளிநாட்டுக் கேரவன்களில் சமையல் கேஸில் ஓடுகிற பிரிட்ஜும் இதே முறைதான் என்று அக்கா மகன் சொன்னபோது, பழைய சிநேகிதனைப் பற்றிக் கேள்விப்பட்டது போல இருந்தது.

மேகமலைத் தோட்டங்களுக்குத் தடுப்பூசி போடப் போகும் நாளில், விடியற்காலையிலேயே ப்ரீசரில் இருந்து ஐஸ் பேக்குகளை எடுப்போம். ஒரு கேரியருக்கு நான்கு. எடுத்தவுடன் அடுக்கக் கூடாது. மேசைமேல் பரப்பி வைத்து, கையில் எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்து, உள்ளே தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் பெட்டிக்குள் வைக்க வேண்டும். காரணம் உண்டு. ப்ரீசரில் இருந்து எடுத்த ஐஸ் பூஜ்யத்துக்கும் வெகு கீழே இருக்கும். அதை ஒட்டி முத்தடுப்பு ஊசி மருந்தையோ டெட்டனஸ் மருந்தையோ வைத்தால் அது உறைந்துவிடும். உறைந்தால் செத்தது. போலியோ சொட்டு மருந்துக்குச் சூடு எமன். இந்த மருந்துகளுக்கு அதோடு உறைபனியும் எமன். ஐஸுக்குள்ளே தண்ணீர் ஆடத் தொடங்கிவிட்டால் அது பூஜ்யத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு பயமில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. வேலையில் சேர்ந்த புதிதில் ஒருநாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஐஸ் பேக்கை அப்படியே அடுக்கிக்கொண்டு ஓடினேன். மணலாறு தாண்டி ஒரு லைன் வீட்டு வாசலில் பெட்டியைத் திறந்தால் முத்தடுப்பு மருந்து கல்லாக இருந்தது. எதிரே பதினைந்து இருபது தாய்மார்கள். கொழுந்து எடுக்கும் வேலையை அரை நாள் விட்டுவிட்டு, கூலியை இழந்து, கம்பளிக்குள் பிள்ளையைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். "இன்னைக்கு இல்லம்மா, அடுத்த மாசம் வாங்க" என்றேன். யாரும் திட்டவில்லை. ஒரு அம்மா மட்டும், "அடுத்த மாசமும் இதே மாதிரி நடந்துவரணுமா சார்?" என்று கேட்டார். அவர் அடுத்த மாதமும் வந்தார், பிள்ளைக்கு ஊசியும் போட்டேன். ஆனால் அந்தக் கேள்வி இன்னும் என்னோடு இருக்கிறது. அதற்குப் பிறகு முப்பது வருடம், எனக்குக் கீழே வந்த கிராம சுகாதார செவிலியர் ஒவ்வொருவரிடமும், "ஆட்டிப் பாத்தியாம்மா? சத்தம் கேட்டுச்சா?" என்று கேட்காமல் நான் அனுப்பியதில்லை.

இப்போது பயணத்துக்கு வருவோம்.

ஆனியில் அவன் சொன்னபடி வந்தான். வண்டி ஒரு நாள் முழுக்க எங்கள் வீட்டு வாசல் வெயிலில் நின்றது. மறுநாள் காலை இட்லி, எலுமிச்சை சாதம், தயிர் சாதம் எல்லாம் கட்டிக்கொண்டு கிளம்பினோம். பிரிக்காத இன்சுலின் பாட்டில் இரண்டு, அவள் அன்றாடம் போட்டுக்கொண்டிருக்கும் பாட்டில் ஒன்று, மூன்றையும் பெட்டியின் பிரிட்ஜ் பக்கம் வைத்தேன். ப்ரீசர் பக்கம் அவன் வாங்கிவந்த மீனும் நாலு ஐஸ் பேக்குகளும்.

தென்பழனி சோதனைச்சாவடியில் பதிவு செய்துவிட்டு மேலே ஏறினோம். மாலை 6 மணிக்கு மேல் காலை 6 மணி வரை வண்டிகளை விடமாட்டார்கள். 2021இல் இருந்து இது புலிகள் காப்பகம். அதனால் காட்டுக்குள் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்திப் படுக்கிற கதையெல்லாம் இங்கே நடக்காது. 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் என் வீட்டுக்காரம்மா சன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நாங்கள் தங்கிய விடுதியில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு அறை. அவன் மட்டும் வாசலில் வேனில் படுப்பதாக ஏற்பாடு.

மதியத்துக்கு மேல் மேகம் இறங்கியது. மேகமலைக்குச் சும்மாவா அந்தப் பெயர் வைத்தார்கள்? பத்தடி தூரத்தில் நிற்கும் வேன் தெரியவில்லை. சாரல், காற்று. எங்கேயோ மரக்கிளை விழுந்து கம்பி அறுந்துவிட்டதாகச் சொன்னார்கள், கரண்டும் போய்விட்டது. அங்கே அணைகளில் தேங்குகிற தண்ணீர் குழாயில் கீழே இறங்கித்தான் சுருளியாறு மின் நிலையத்தில் 35 மெகாவாட் வரை மின்சாரமாகிறது. அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் நாங்கள் மெழுகுவத்தியோடு உட்கார்ந்திருந்தோம்.

ஏழு மணிக்கு, ராத்திரி ஊசிக்காக நானே போய் அந்தப் பாட்டிலை எடுத்துவந்து கொடுத்தேன். அவள் போட்டுக்கொண்டாள். எட்டரை மணிக்கு அக்கா மகன் குடையோடு வந்தான்.

"மாமா, பிரிட்ஜ் நின்னுபோச்சு."

பேட்டரிக் கணக்கை அப்போதுதான் அவன் விளக்கமாகச் சொன்னான். பேட்டரி 100 ஆம்பியர் மணி. ஆனால் அந்த வகைப் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் சீக்கிரம் செத்துவிடும். ஆக 50தான் கையிருப்பு. பிரிட்ஜ் ஓடும்போது மணிக்கு நாலைந்து ஆம்பியர் இழுக்கும். பாதி நேரம் ஓடி பாதி நேரம் நின்றால் ஒரு நாள் தாங்கும். ஆனால் முந்தின நாள் சின்னமனூர் வெயிலில் வேனுக்குள் வெந்துகொண்டிருந்தபோது அது நிற்கவே இல்லை. சோலார் தகடு அன்று கொடுத்தது அன்றைக்கே சரியாகிவிட்டது. இன்று மேகத்தில் தகடு ஒன்றும் கொடுக்கவில்லை. ஏறி வரும்போது இன்ஜின் கொஞ்சம் ஏற்றியது, அதுவும் தீர்ந்தது. பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் பிரிட்ஜ் தானே நின்றுவிடுமாம், பேட்டரியைக் காப்பாற்ற. நல்ல ஏற்பாடுதான், பேட்டரிக்கு.

"இன்ஜினை ஒரு மணி நேரம் ஓட விடட்டா மாமா?"

"வேண்டாம்ப்பா. யானை நடமாட்டம் இருக்கிற இடம். எல்லாரும் படுத்தாச்சு" என்றேன்.

எனக்குள்ளே பழைய சுகாதார ஆய்வாளர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். குளிர்ச் சங்கிலி அறுந்துவிட்டது! உடனே வேனுக்குப் போனேன். ஒரு தெர்மோகோல் பெட்டி இருந்தது. ப்ரீசரில் இருந்து ஐஸ் பேக்குகளை எடுத்தேன், கல் மாதிரி இருந்தன. அடியில் ஒன்று, மேலே ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. நடுவில் இரண்டு புது பாட்டில்களையும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்து மூடி, டேப் ஒட்டினேன். "பாத்தியா, கரண்டே வேண்டாம். இப்படித்தான் நாங்க மலை மலையா மருந்து கொண்டுபோனோம்" என்று அவனிடம் பெருமை வேறு.

அறைக்குத் திரும்பி, "அந்தப் பாட்டிலையும் கொடு, வெச்சிட்டு வந்துடறேன்" என்று கேட்டேன்.

"இந்த இருட்டுல, பனியில திரும்பப் போகப் போறீங்களா? யானை வருதுன்னு நீங்கதான சொன்னீங்க? பேசாம படுங்க. இது என் பையிலயே இருக்கட்டும்."

"மருந்து கெட்டுப்போயிடும்டீ."

"எனக்கே பல்லு அடிச்சுக்குது. மருந்துக்கு மட்டும் வேர்க்கப்போகுதா?"

நான் முனகிக்கொண்டே படுத்தேன்.

காலை ஆறரைக்கு பெட்டியைப் பிரித்தேன். கையில் எடுத்தவுடனே தெரிந்துவிட்டது. இரண்டு பாட்டிலும் கல். முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் மணலாற்றுக்கு அப்பால் நான் பார்த்த அதே கல். அவளுடைய மருந்து பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் கலவை இன்சுலின். அறைக்குக் கொண்டுவந்து வைத்தேன். உருகிய பிறகு ஆட்டிப் பார்த்தேன். ஒன்றுசேராமல் திப்பி திப்பியாக மிதந்தது, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. கலங்கல் மருந்து உறைந்தால் இப்படிக் கண்ணுக்குத் தெரியும். தெளிவான இன்சுலின் உறைந்து உருகினால் சில சமயம் ஒரு வித்தியாசமும் தெரியாது; அதுதான் இன்னும் ஆபத்து. எதுவானாலும் ஒரு தரம் உறைந்த இன்சுலினை உபயோகிக்கக் கூடாது.

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஐஸை ஆட்டிப் பார்க்கவில்லை. சத்தம் கேட்கவில்லை. எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன்! அதைவிடப் பெரிய அசட்டுத்தனம், ஐஸே தேவைப்படவில்லை. அறையில் சுவரில் மாட்டியிருந்த மானி 15 டிகிரி காட்டியது. பிரிக்காத பாட்டிலே ஆனாலும் ஒரு ராத்திரி அந்தக் குளிரில் மேசைமேல் சும்மா இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கீழே பள்ளத்தாக்கு வெயிலில் கற்றுக்கொண்ட பயத்தை அப்படியே மலைமேல் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

நான் கேட்டபடி மூன்றாவது பாட்டிலையும் அவள் கொடுத்திருந்தால்? காலை ஊசிக்கு மருந்து இருந்திருக்காது. இட்லியைச் சாப்பிடவும் முடியாமல், சாப்பிடாமல் இருக்கவும் முடியாமல், சாவடி திறந்து கீழே இறங்கி மருந்துக் கடை வரைக்கும் அவளை அப்படியே கூட்டிப்போக வேண்டியிருந்திருக்கும். அதற்குப் பிறகு அவள் எந்தக் காலத்திலும் வீட்டை விட்டுக் கிளம்பியிருக்க மாட்டாள்.

அவளிடம் சொன்னேன். மறைக்கவில்லை. கைப்பையைத் திறந்தாள். சேலைத் துணியில் சுற்றி வைத்திருந்த பாட்டிலை எடுத்து, உள்ளங்கையில் உருட்டி, 20 யூனிட் ஏற்றிக்கொண்டாள்.

"இதுல இன்னும் ஒரு வாரத்துக்கு வரும். நாளைக்குத்தான போறோம்? முகத்தக் கழுவிட்டு வாங்க, வெளிய பனி விலகுது, பாக்கணும்."

இவ்வளவுதான் அவள் சொன்னது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மறுநாள் இறங்கும்போது ஒரு வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். கீழே கம்பம் பள்ளத்தாக்கு. நெல் வயல், தென்னை, வாழை, திராட்சைப் பந்தல் எல்லாம் கட்டம் கட்டமாக. "நம்ம வீடு எங்கங்க?" என்றாள். கையைக் காட்டினேன். உண்மையில் அந்த உயரத்தில் இருந்து வீடெல்லாம் தெரியாது. அவளும் தெரிந்த மாதிரி தலையாட்டினாள். "இத்தன வருசமா அங்க இருந்து இத பாத்தேன். இன்னைக்கு இங்க இருந்து அத பாக்கறேன்" என்றாள். சின்னமனூர் வந்ததும் முதல் வேலையாக மருந்துக் கடையில் புது பாட்டில் இரண்டு வாங்கினேன்.

என் வயதுக்காரர்களில் வீட்டில் ஒருவராவது இன்சுலின் போடாத வீடு இப்போது குறைவு. பிரிட்ஜ் இல்லாத ஊருக்கு எப்படிப் போவது என்று வீட்டிலேயே அடைந்து கிடப்பவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களுக்காக நாலு விஷயம்.

பிரிக்காத பாட்டிலுக்குத்தான் 2 முதல் 8 டிகிரி. பிரித்து உபயோகத்தில் இருப்பது 25, 30 டிகிரிக்குள் பொதுவாக நாலு வாரம் தாங்கும். உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்பது அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் தாளில் இருக்கும், டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆகவே இரண்டு மூன்று நாள் பயணத்துக்கு, வெயில் படாத கைப்பையே போதும். நிறுத்தின காருக்குள் மட்டும் விடாதீர்கள்.

கீழே நம் ஊர் வெயிலில் என்றால், ஈர மணலில் புதைத்த மண்பானை நன்றாக வேலை செய்யும். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். மேகமலை மாதிரி ஈரக் காற்றில் ஆவியாகாது. அங்கே அது தேவையும் இல்லை.

ஐஸ் கொண்டுபோனால் மருந்து ஐஸைத் தொடக் கூடாது. இடையில் தடித்த துண்டு வேண்டும். ஐஸை ஆட்டிப் பார்த்து, தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகு வையுங்கள்.

வேன் பிரிட்ஜ் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு: கிளம்பும் முன் வீட்டுக் கரண்டில் போட்டு முழுக்கக் குளிர வைத்துவிடுங்கள், வண்டியை நிழலில் நிறுத்துங்கள், மலையில் சூரியனை நம்பாதீர்கள்.

கடைசியாக, எல்லா மருந்தையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். பெட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதை அடுக்குகிறவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் சரி, ஒரு பாட்டில் வீட்டுக்காரம்மாவின் பையில் இருக்கட்டும்.